இயற்கை வேளாண்மையும் ஊரின் எருக் கணக்கும்

இயற்கை வேளாண்மை பற்றிய பேச்சு இன்று ஊர்தோறும் கேட்கிறது. கிராம சபைகளில் அதுபற்றித் தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. மத்திய, மாநில அரசுகள் திட்டங்கள் வகுத்துப் பணமும் ஒதுக்கியுள்ளன. எனினும், ஆர்வத்தோடு அதில் இறங்கிய குடியானவர்களுள் ஒரு பகுதியினர் இரண்டு போகத்துக்குள் மீண்டும் யூரியா மூட்டைக்குத் திரும்பிவிடுவதை வட்டாரத்தில் பணியாற்றுவோர் யாவரும் அறிவர். அவர்களுக்கு மனவுறுதி போதாது என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. அவர்கள் யூரியாவை நிறுத்தியபோது, அதன் இடத்தில் இடுவதற்கு வேண்டிய எரு பெரும்பாலும் அவர்களிடமும் இல்லை, அவர்கள் ஊரிலும் இல்லை. பயிர் வெளுத்தது, பிள்ளைகளின் படிப்புச் செலவும் கூட்டுறவுச் சங்கக் கடனும் காத்திருந்தன. வேறென்ன செய்வார்கள்?

ஆதலின் இயற்கை வேளாண்மையின் பெருமையைப் பேசுவதை விடுத்து, எருக் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அரசாங்க உதவி எவ்விடத்தில் கைகொடுக்கும், எவ்விடத்தில் ஊரார் தாமே முன்வர வேண்டும் என்பது அக்கணக்கிலிருந்தே விளங்கும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். அரசாங்க ஆவணங்கள் சிலவற்றில் ‘அங்கக வேளாண்மை’ என்றும், சிலவற்றில் ‘இயற்கை வேளாண்மை’ என்றும், வேறு சிலவற்றில் ‘உயிர்ம வேளாண்மை’ என்றும் காணப்படும். அதிகாரிகளுக்கு இவற்றிடையே வேறுபாடு உண்டு. இயற்கை வேளாண்மை என்னும் பெயரில் நடைபெறும் திட்டங்கள், இடுபொருளை வெளியிலிருந்து வாங்காமல் பண்ணையிலேயே தயாரிப்பதை வற்புறுத்துகின்றன. அங்கக வேளாண்மையில் அனுமதிக்கப்பட்ட இடுபொருள்களை வாங்கியும் இடலாம். எருக் கணக்கு இரண்டுக்கும் பொது. எனவே இங்கே ஒரே பெயரால் குறிப்பிடுகிறேன்.

பழைய பாடம்

இது நமக்குப் புதிய பாடமன்று. 1889-இல் இந்தியாவுக்கு வந்து நாடெங்கும் சுற்றிப் பார்த்த வோல்க்கர் என்னும் ஆங்கிலேய வேளாண் வேதியியல் அறிஞர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில், விறகுப் பஞ்சத்தால் குடியானவர் சாணத்தை எருவாக்காமல் வரட்டியாக்கி எரிப்பதைக் குறிப்பிட்டார். அவருக்குப் பின் வந்த ஆல்பர்ட் ஹோவார்ட், 1924-இல் இந்தூரில் நிறுவப்பட்ட ஆய்வு நிலையத்தில், பண்ணைக் கழிவுகளை முறையாக மக்கவைக்கும் வழியை வகுத்தார். இந்தூர் முறை என்று உலகெங்கும் பெயர் பெற்ற அது, சீன, இந்தியக் குடியானவர்களின் வழக்கங்களைக் கண்டறிந்து ஒழுங்குபடுத்தியதே. நகரக் குப்பையை மக்கவைக்கும் பெங்களூர் முறையை ஆச்சார்யா 1939-இல் உருவாக்கினார். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, கிராமத்தின் கழிவு கிராமத்து நிலத்துக்கே திரும்ப வேண்டும் என்பதைத் தம் பொருளாதாரக் கொள்கையின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார். செயற்கை உரம் பற்றி எச்சரித்தும் எழுதினார்.

1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, கிராம சேவக்குகளின் முதன்மையான வேலைகளுள் எருக்குழி வெட்டச் செய்வதும் பசுந்தாள் விதை வழங்குவதும் இருந்தன. பின்னர் உணவுப் பற்றாக்குறை கடுமையாயிற்று. 1960-இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. 1966-ஐ ஒட்டிக் குட்டை இன நெல் வந்தது. எருக்குழி வெட்டச் சொன்ன அதே வட்டார அலுவலகங்கள் உர மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. பசி தீர்ந்தது என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் நாடு அரிசிக்கும் கோதுமைக்கும் பிறரிடம் கையேந்தியதை அறிந்தவர்கள் அதைக் குறைத்துப் பேசமாட்டார்கள். ஆனால் குழிகள் தூர்ந்தன; உழவு மாடு போய் டிராக்டர் வந்தது. ஊரின் எருச் செல்வம் சுருங்கியது அப்படித்தான்.

ஓர் ஏக்கருக்கு எத்தனை மாடு?

இனிக் கணக்குக்கு வருவோம். நம் மாநிலத்தில் ஓர் ஏக்கர் நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்து, ஏறத்தாழ 60 கிலோ. 45 கிலோ எடையுள்ள யூரியா மூட்டை ஒன்றில் 20 கிலோவுக்குச் சற்று மேல் தழைச்சத்து உண்டு. ஆக, மூன்று மூட்டை போதும். மூட்டை 266 ரூபாய் 50 காசு; மூன்றுக்கும் சேர்த்து 800 ரூபாய். அரசாங்கம் பெருமானியம் கொடுத்துத் தாங்கும் விலை இது.

அதே தழைச்சத்தைத் தொழுவுரத்தில் தேடிப் பாருங்கள். நன்கு மக்கிய தொழுவுரத்தில் நூற்றுக்கு அரைப் பங்குதான் தழைச்சத்து. வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் 5 டன்னை ஓர் ஏக்கருக்கு இட்டால் 25 கிலோ சேரும். அதிலும் முதற்போகத்துப் பயிருக்குக் கிட்டுவது பாதிகூட இராது. எஞ்சியது மண்ணில் தங்கி அடுத்தடுத்த போகங்களில் மெல்ல மெல்லக் கிடைக்கும். மாறுதல் காலத்து முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மெலிவாக இருப்பதற்கும், பிறகு நிலம் தேறுவதற்கும் முதற்காரணம் இதுவே. ஆண்டுதோறும் எஞ்சியது சேர்ந்து சேர்ந்து மண்ணில் ஓர் இருப்பு உண்டாக வேண்டும். அதற்கு முன் பயிரிடம் முழு விளைச்சலை எதிர்பார்ப்பது, சேமிப்புக் கணக்கு தொடங்கிய மறுநாளே வட்டி கேட்பது போன்றது.

அந்த 5 டன் எரு எங்கிருந்து வரும்? ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ சாணம் இடும். மேய்ச்சலில் சிதறுவதும், மக்கும்போது எடை குறைவதும் போக, தொழுவத்துக் கூளமும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் மக்கிய எரு தேறினால் மிகுதி. எனவே ஏக்கருக்கு மூன்று மாடு வேண்டும். அரசாங்கத் திட்டத்தில் ஒரு தொகுப்பு என்பது 50 ஏக்கர் என்றால் 150 மாடு. இத்தனை மாடுகள் ஒரே தொகுப்பின் உழவர்களிடம் உள்ள ஊர் எது? டெல்டாப் பகுதியில் விரல் விட்டு எண்ணலாம்.

இன்னொரு செய்தி: மாடு இருக்கும் வீட்டில் நிலம் இல்லை, நிலம் இருக்கும் வீட்டில் மாடு இல்லை. பால் ஊற்றிக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் ஒரு சென்ட் வயலும் இல்லாதவர்கள். அவர்கள் வீட்டுக் குப்பைமேட்டில் உள்ள எருவுக்கு நியாயமான விலை பேசி ஊரிலேயே நிறுத்திக்கொண்டால், இயற்கை வேளாண்மையின் முதற்பயன் அவர்களுக்குப் போய்ச் சேரும். இல்லையேல் வெளியூர் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

பசுந்தாள் என்னும் பெருந்துணை

மாடு போதாத ஊருக்கு வழியில்லையா? உண்டு. அது தக்கைப்பூண்டு, சணப்பு, கொழுஞ்சி ஆகிய பசுந்தாட் பயிர்கள். இவற்றின் வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை எடுத்துச் செடிக்குத் தருகின்றன. தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 முதல் 50 நாளில், பூக்கத் தொடங்கும் தருவாயில் மடக்கி உழுதால், நல்ல ஈரமுள்ள நிலத்தில் 6 முதல் 10 டன் பசுந்தழை கிடைக்கும். தழைச்சத்து 30 கிலோவுக்குக் குறையாது. அதாவது, தேவையில் பாதியை 50 நாளில் வயலே விளைத்துக் கொடுக்கிறது. நாளைத் தவறவிட்டுத் தண்டு முற்றிவிட்டால் எளிதில் மக்காது, உழவும் கடினமாகும். மடக்கி உழுதபின் பத்து நாளாவது நீர் கட்டி அழுகவிட்டு நடுவது நல்லது.

நீர் வசதி குன்றிய நிலத்துக்குக் கொழுஞ்சி உகந்தது. அதை மாடு கடிப்பதில்லை. ஒருமுறை நன்கு பிடித்துவிட்டால் உதிர்ந்த விதையே அடுத்த கோடையில் தானாக முளைக்கும். விதையின் தோல் கடினமாதலால் முதல் விதைப்புக்கு மட்டும் மணலோடு சேர்த்துத் தேய்த்தோ வெந்நீரில் நனைத்தோ விதைக்க வேண்டும்.

தக்கைப்பூண்டுக்கு இந்தக் காப்பு இல்லை. ஆடும் மாடும் விரும்பித் தின்னும். அறுவடை முடிந்ததும் ஊர்க் கால்நடைகளை அவிழ்த்துவிடும் வழக்கம் உள்ள இடத்தில், ஒருவர் மட்டும் தம் வயலில் தக்கைப்பூண்டு விதைத்தால் அது அண்டை வீட்டு ஆட்டுக்குத் தீவனமாகும். இங்கேதான் ஊராட்சியின் வேலை தொடங்குகிறது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்தப் பகுதியில் மேய்ச்சல் கூடாது என்பதைக் கிராம சபையில் பேசி முடிவு செய்து, தண்டோராப் போட்டு அறிவிக்கலாம். மேய்ச்சலுக்கு வேறிடம் ஒதுக்காமல் தடை மட்டும் போட்டால் அது நிற்காது; ஆடு வளர்ப்பவரும் ஊரார்தாம். கொழுஞ்சி விதைக்கும் நிலத்தை மேய்ச்சல் பக்கமாகவும், தக்கைப்பூண்டு விதைக்கும் நிலத்தை வாய்க்கால் பக்கமாகவும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்த ஏற்பாடு.

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளோடு டெல்டாவுக்கு வந்து அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவது நெடுநாளைய வழக்கம். ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் வயலிலேயே விழுவதால் சுமைகூலி இல்லை, சேதாரமும் இல்லை. கிடைக்கு ஆளாளுக்கு ஒரு கூலி பேசி மந்தையை அலைய விடுவதைவிட, தொகுப்பு முழுவதற்கும் ஊர்ப்பெரியவர் ஒருவர் வரிசை வைத்துப் பேசினால் இரு தரப்புக்கும் நன்மை.

வைக்கோலைப் பற்றிய எச்சரிக்கை

இயற்கை வேளாண்மையில் பலர் இடறும் இடம் வைக்கோல். இயந்திர அறுவடைக்குப் பின் வயலில் பரந்து கிடக்கும் வைக்கோலை அப்படியே மடக்கி உழுதுவிட்டு, “எரு இட்டாயிற்று” என்று எண்ணி நடவு செய்கிறார்கள். இருபதாம் நாள் பயிர் மஞ்சள் பாய்கிறது. காரணம் இதுதான். வைக்கோலில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. 80 பங்குக்கு 1 பங்கு என்ற அளவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தம் உடலை வளர்க்கத் தழைச்சத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். வைக்கோலில் போதாதபோது மண்ணிலுள்ளதை எடுத்துக்கொள்கின்றன. பயிர் பட்டினி கிடக்கிறது. மக்கி முடிந்தபின் அச்சத்து திரும்பக் கிடைக்கும்; ஆனால் அதற்குள் தூர் வெடிக்கும் பருவம் போய்விடும். மஞ்சளைக் கண்டு பயந்து ஒரு மூட்டை யூரியாவைத் தூவுவதோடு பலருடைய இயற்கை வேளாண்மை முடிந்துவிடுகிறது.

அதற்காக வைக்கோலை விற்றுவிடுவதும் சரியன்று. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி நெல்மணியில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. கட்டுக் கட்டாக லாரியில் ஏறிப் போகும் வைக்கோலோடு நிலத்தின் சாம்பல் சத்தும் ஏறிப் போகிறது. வைக்கோலைத் தொழுவத்தில் பரப்பிக் கோமியத்தில் நனையவிட்டுக் குழியில் சேர்ப்பது ஒரு வழி. தக்கைப்பூண்டு போன்ற தழைச்சத்து மிகுந்த பசுந்தழையோடு சேர்த்து மக்கவைப்பது மற்றொரு வழி. எருக்குழியின் நீள அகலம் கையிருப்பைப் பொறுத்தது. ஆழம் 3 அடிக்கு மேற்பட வேண்டாம். அடுக்கடுக்காகக் கூளம், பசுந்தழை, சாணக் கரைசல், சிறிது மண் என்று நிரப்பி, பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள், அறுபதாம் நாள் எனக் கிளறிவிட்டு, ஈரம் காயாமலும் நீர் தேங்காமலும் பார்த்துக்கொண்டால் மூன்று மாதத்தில் எரு ஆயத்தம். மேலே கீற்றுப் பந்தல் அவசியம். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் குப்பைமேடு தன் தழைச்சத்தைக் காற்றுக்கும் தண்ணீருக்கும் கொடுத்துவிட்டு வெறும் மண்ணாகவே வயலுக்கு வருகிறது.

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ்ப் பல ஊராட்சிகளில் மண்புழு உரத்தொட்டிகள் கட்டப்பட்டன. அவற்றுள் எத்தனை இன்று நடைபெறுகின்றன என்று அந்தந்த ஊராட்சியார் ஒரு நாள் சுற்றிப் பார்ப்பது நலம். செங்கல்லுக்குப் பணம் கொடுத்த திட்டம், நாள்தோறும் தொட்டியை நிரப்பும் ஆளுக்குக் கொடுக்கவில்லை. புதிய தொட்டி கேட்பதற்கு முன், பழையதை மகளிர் குழு ஒன்றிடம் ஒப்படைத்து, விளையும் எருவை வாங்கிக்கொள்ளத் தொகுப்பு உழவர்களிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெறுவது மேல்.

ஜீவாமிர்தம் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். 200 லிட்டர் நீரில் 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண் கலந்து நொதிக்கவிடும் இக்கரைசலை ஏக்கருக்கு இட்டாலே போதும் என்று நம்புவோர் உளர். 10 கிலோ சாணத்தில் 60 கிலோ தழைச்சத்து இருக்க வழியில்லை. அது உறைமோர். பால் இருந்தால் தயிராக்கும். பால் இல்லாத பாத்திரத்தில் உறைமோர் ஊற்றிப் பயன் என்ன? எருவும் தழையும் உள்ள மண்ணில் ஜீவாமிர்தம் நன்கு வேலை செய்யும் என்பதே என் கருத்து.

ஏரி வண்டலை மறக்கலாகாது. நீர்நிலைகளில் தூர்வாரி வண்டலைக் கட்டணமின்றி வயலுக்கு எடுத்துச்செல்ல 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம். முன்பு மாவட்டத் தலைநகருக்கு அலைந்த அலைச்சல் குறைந்துள்ளது. ஊராட்சிப் பொறுப்பிலுள்ள வேப்ப மரங்களின் கொட்டையையும் ஆனி, ஆடியில் பொறுக்கிச் சேர்க்கலாம். 10 கிலோ வேப்பம்பருப்பை இடித்து இரவு முழுதும் ஊறவைத்து வடித்து, 200 லிட்டர் நீரில் சிறிது காதிச் சோப்புக் கரைசலோடு கலந்தால் ஓர் ஏக்கருக்குத் தெளிக்கலாம். யூரியா மிகுந்த வயலைத்தான் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் நாடி வருகின்றன என்பதால், தழைச்சத்து அளவோடு உள்ள வயலில் பூச்சித் தொல்லை ஓரளவு தானே குறையும்.

முன்னது பின்னாகாமல்

எருவை முதலில் சேர்த்து, யூரியாவைக் கடைசியில் நிறுத்த வேண்டும் என்பதற்கு அண்மைக் காலத்து இரண்டு நிகழ்ச்சிகள் சான்று. இலங்கை அரசாங்கம் 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நாடு முழுவதற்கும் வேண்டிய எரு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை காணுமுன் உத்தரவு வந்துவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. எனினும் அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் சரிந்தது. அரிசி இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. அந்நாட்டின் பொருளாதார நெருக்கடிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் உழவர் பட்ட துன்பத்துக்கு இந்த அவசரமும் ஒரு காரணம்.

மறுபுறம் சிக்கிம் மாநிலம் 2003-இல் இயற்கை வேளாண்மைக்கு மாறுவதாக அறிவித்தது. உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, எருக்குழிகளையும் மண்புழு உரக் கூடங்களையும் பெருக்கி, 2014-இல்தான் இரசாயன இடுபொருளைச் சட்டத்தால் தடுத்தது. 2016 ஜனவரியில் ஏறத்தாழ 75,000 எக்டர் நிலம் முழுதும் இயற்கை வேளாண்மைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டு ஆயிற்று. அதுவும் முன்பே உரம் மிகக் குறைவாகப் பயன்பட்ட, காட்டுத் தழையும் கால்நடையும் நிறைந்த மலைநாட்டில். அரிசிக்கு அம்மாநிலம் வெளியையே நம்பியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று போகம் யூரியா தின்று பழகிய நம் நன்செய்க்கு இன்னும் பொறுமை வேண்டும்.

அரசாங்க உதவி

தமிழ்நாட்டில் அங்ககச் சான்றளிப்புத் துறை 2007-இல் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. மறைந்த நம்மாழ்வார் பல்லாண்டு ஊர் ஊராக நடந்து விதைத்த கருத்து அரசாங்கத்தின் காதிலும் விழுந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இயற்கை வேளாண் ஆராய்ச்சி மையம் இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. மாநிலத்தின் அங்கக வேளாண்மைக் கொள்கை 2023 மார்ச் 14-இல் வெளியிடப்பட்டது. 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டம் 206 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. பசுந்தாள் விதை வழங்குவது அதன் முக்கியக் கூறு. இந்தக் கட்டுரையின் நோக்கில் அதுவே எல்லாவற்றிலும் பயனுள்ள கூறு என்று தயங்காமல் சொல்வேன்.

மத்திய அரசின் பரம்பரகத் கிருஷி விகாஸ் திட்டம் 2015-16-இல் தொடங்கிற்று. மூன்று ஆண்டுக்கு எக்டருக்கு 31,500 ரூபாய். அதில் 15,000 ரூபாய் இடுபொருளுக்காக உழவர் கணக்கில் நேரே சேரும். எஞ்சியது பயிற்சி, சான்று, விற்பனை ஆகியவற்றுக்கு. இயற்கை வேளாண்மைக்கான தேசிய இயக்கம் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. 2,481 கோடி ரூபாயில், 15,000 தொகுப்புகளில், 7.5 இலட்சம் எக்டர் என்பது அதன் இலக்கு. அதில் உழவருக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு ஊக்கத் தொகை, ஒருவருக்கு ஓர் ஏக்கர் வரை.

இத்தொகை மாறுதல் கால இழப்பை ஈடுசெய்யுமா? ஏக்கருக்கு 2,000 கிலோ நெல் எடுப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இயற்கை வேளாண்மையில் விளைச்சல் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை குறைவதாகக் கணக்கிட்டுள்ளனர். ஐந்தில் ஒன்றே குறைந்தாலும் 400 கிலோ. 2025-26 கொள்முதல் பருவத்துக்குப் பொது ரகத்தின் விலை, மாநில ஊக்கத்தொகை உட்படக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஆக இழப்பு போகத்துக்கு 10,000 ரூபாய். முதலில் சொன்ன திட்டத்தில் நேரே கைக்கு வருவது ஏக்கருக்கு மூன்றாண்டுக்கும் சேர்த்து 6,000, ஆண்டுக்கு 2,000. உரமும் பூச்சிமருந்தும் வாங்காத மிச்சத்தைச் சேர்த்தாலும் துண்டு விழுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இயற்கை நெல்லுக்கென்று தனி விலை கிடையாது.

இதை உழவரிடம் மறைத்துத் தொகுப்பில் சேர்ப்பது தவறு. மானியத்தை நம்பி வந்தவர் மானியம் நின்றதும் போய்விடுவார். துண்டைக் குறைக்க வழிகள் உண்டு. தொகுப்பில் பதிவு செய்வதற்கு முந்திய இரண்டு மூன்று போகங்களில் பசுந்தாளும் எருவும் இட்டு, யூரியாவை மூன்று மூட்டையிலிருந்து இரண்டாக, ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வந்து, மண்ணில் இருப்பு உண்டானபின் நிறுத்தினால் விளைச்சல் சரிவு இவ்வளவு இராது. குட்டை இனங்கள் மிகுந்த உரத்தை ஏற்கவே உருவாக்கப்பட்டவை. கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா, தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா போன்றவை குறைந்த சத்திலும் தாக்குப்பிடிக்கும். அவற்றின் விளைச்சல் குறைவுதான். ஆயினும் அரிசியாக்கி விற்றால் விலை கூடுதல். நெல்லாகவே விற்க வேண்டிய நிலையில் உள்ளவருக்கு அந்த விலை எட்டாது என்பதால், ஆலையும் கிடங்கும் உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தோடு முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

சான்றும் அண்டை வயலும்

ஏற்றுமதிக்கும் பெரிய வணிகத்துக்கும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் சான்று தேவை. சிறு உழவருக்கு ஏற்றது பங்கேற்பு உத்தரவாத முறை, சுருக்கமாகப் பி.ஜி.எஸ். ஒரே ஊரிலோ அண்டை ஊரிலோ உள்ள குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து உறுதிமொழி எடுத்து, ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டுக் குறித்து வைக்கிறார்கள். மாறுதல் காலத்தில் ‘பச்சை’ச் சான்றும், அது முடிந்தபின் ‘அங்கக’ச் சான்றும் கிடைக்கும். தவறு செய்தவரை உறவினர் என்று விட்டுவிட்டால் குழு முழுவதன் பெயரும் கெடும். பார்வையிடுபவரை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்வது நல்லது.

நன்செய்யில் இன்னொரு சிக்கல் உண்டு. வயலுக்கு வயல் நீர் பாயும் இடத்தில், மேல் வயல்காரர் தூவிய யூரியாவும் களைக்கொல்லியும் கீழ் வயலுக்கு வந்து சேரும். தனி ஒருவர் எவ்வளவு நோன்பிருந்தாலும் பயனில்லை. ஒரே கிளை வாய்க்காலில் பாயும் நிலங்களை, மடையிலிருந்து கடை வரை, ஒரே தொகுப்பாகச் சேர்க்க வேண்டும். சிட்டாவை மட்டும் வைத்துப் பட்டியல் தயாரித்தால் 50 ஏக்கர் சேரும், தொகுப்பு சேராது. பட்டியல் எழுதுமுன் ஊராட்சியார் வாய்க்காலோடு ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

குத்தகைக்காரரின் நிலை இதைவிடக் கடினம். திட்ட உதவிக்குச் சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படுகின்றன. வாய்மொழிக் குத்தகைக்காரரிடம் அவை இல்லை. அவர் மூன்றாண்டு எரு சுமந்து மண்ணைத் தேற்றியபின், நிலச் சொந்தக்காரர் வேறொருவருக்கு விட்டுவிட்டால் உழைப்பு முழுதும் போயிற்று. 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொண்டவர் மிகச் சிலரே. தொகுப்பில் குத்தகை நிலம் சேருமானால், குறைந்தது ஐந்து ஆண்டுக்கு நிலத்தை மாற்றுவதில்லை என்று சொந்தக்காரரிடம் எழுத்து வாங்குவதை ஊராட்சியார் முன்னின்று செய்ய வேண்டும். ஊரில் மூத்தவர்கள் கேட்டால் மறுப்பவர் குறைவு.

எருக் கணக்கை எடுக்கும் வேலைக்கு ஒரு வாரம் போதும். வீடு வீடாக மாடு எத்தனை, ஆடு எத்தனை, குப்பைமேட்டில் இருப்பு எத்தனை வண்டி, வைக்கோல் எவ்வளவு ஊரில் நிற்கிறது, எந்த வயல் கோடையில் பசுந்தாளுக்குக் கிடைக்கும், ஊராட்சி நிலத்தில் வேம்பு, புங்கு, பூவரசு எத்தனை மரம் என்று ஒரு நோட்டில் எழுதிக் கிராம சபையில் படிக்கலாம். எத்தனை ஏக்கருக்கு எரு உண்டோ அத்தனை ஏக்கரையே முதலாண்டுத் தொகுப்பாக வைத்துக்கொள்ளலாம். 50 ஏக்கருக்கு இல்லையென்றால், எருவைப் பெருக்கும் வேலையை இவ்வாண்டு செய்து, தொகுப்புக்கு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம்.

சம்பா நடவுக்கு முன் தக்கைப்பூண்டு மடக்கி உழ வேண்டுமானால், வாய்க்காலில் தண்ணீர் வந்தவுடன் ஆனி மாதத்திலேயே விதைத்தாக வேண்டும். அப்போது விதை தேடினால் கிடைப்பதில்லை. சித்திரைக்குள் தேவையைக் கணக்கிட்டு, உழவர் பெயர், சர்வே எண், பரப்பு ஆகியவற்றோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஊரில் பத்து சென்ட் நிலத்தில் தக்கைப்பூண்டை உழாமல் விதைக்கு விட்டுவைத்தால் மறு ஆண்டு அந்தக் காத்திருப்பும் குறையும்.